பதினெட்டு அடி நடந்த சாட்சி

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த துறையிலிருந்து மூன்று ஆராய்ச்சி மாணவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ரத்தத்தைக் குழாயில் அடைத்து அனுப்பினால், எந்த மரபணுவில் என்ன கோளாறு என்று சில வாரங்களில் பதில் வந்துவிடுகிறதாம். அவர்களில் ஒருத்தி, "உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"நடக்கச் சொன்னோம்" என்றேன்.

மரியாதைக்காகச் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகும் மனம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதியில், ஒரு நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க டெல்லியிலிருந்து எனக்கு உதவித்தொகையும் மூன்று ஆண்டு அவகாசமும் கிடைத்தன. அதில் இரண்டு ஆண்டுக்கும் மேல் ஒரு தவறான காரணத்தை, மிகச் சரியான முறையில், ஒரு விதியும் மீறாமல் தேடிக்கொண்டிருந்தேன். மீதி நாட்களில் நடந்ததை நினைத்தால் இந்த வயதிலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறையில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தவன். நோய், சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் நோய். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆரம்பிக்கும். முதலில் நடையில் கால்கள் அகலும், அப்புறம் பேச்சு குழறும், கையெழுத்து சிதறும். பத்துப் பதினைந்து வருடத்தில் படுக்கை. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். அதுதான் அதன் குரூரம்.

அரியலூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து இப்படிப்பட்ட நோயாளிகள் அடிக்கடி வருவதைத் துறையில் கவனித்திருந்தார்கள். அங்கே பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். பல கிணறுகளின் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆகவே தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று ஊகித்து, 'கிணற்று நீரும் சிறுமூளைத் தேய்வும்' என்று ஆய்வுக்குத் தலைப்பு வைத்து, டெல்லியில் ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள். தலைப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் பாதி உண்மை கிடைத்துவிட்டதாக நினைக்கும் வயது எனக்கு.

என் வழிகாட்டி பேராசிரியர் கனகசபை. உயரமானவர், தாழ்ந்த குரலில் பேசுவார், யாரையும் திட்டமாட்டார். அதனால் எல்லோரும் பயந்தார்கள். நோயாளி அறைக்குள் வரும்போதே அவருடைய செருப்பைப் பார்ப்பார், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று. "தள்ளாடுகிறார்" என்று எழுதினால் அந்தச் சொல்லை அடித்துவிடுவார். "தள்ளாட்டம் உன் அபிப்பிராயம். ரெண்டு பாதத்துக்கும் நடுவுல எத்தனை அங்குலம், அதை எழுது" என்பார். என் அறிக்கைகள் அவரிடமிருந்து பச்சை மையில் ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வரும். ஆங்கிலத்தில் எழுதுவார். தமிழில் சொன்னால், 'யார் பார்த்தது?' நான் பார்த்ததா, கேட்டதா, நினைத்ததா? அந்தக் கேள்வி விழாத பக்கம் அபூர்வம்.

எங்கள் முக்கியக் கருவி ஒரு பருத்திக் கயிறு. பதினெட்டு அடி நீளம், அடிக்கு ஒரு மைப்புள்ளி. தரையில் நேராக நீட்டிப் போட்டு, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் கட்டைவிரலுக்கு முன்னால் ஒட்டவைத்து நடக்கச் சொல்வோம். எத்தனை தடவை கால் கயிற்றை விட்டு விலகியது என்பதுதான் கணக்கு. ஏன் பதினெட்டு அடி என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம வராந்தா அவ்வளவுதான்" என்றார். விஞ்ஞானத்தில் பல அளவுகள் அப்படித்தான் உண்டாகின்றன என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் எடுக்கவும் முறை உண்டு. அமிலத்தில் கழுவிய புட்டியை அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். பெயர்ச்சீட்டை நிரப்புவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். நிரப்பிய பின் ஒட்டினால், ஈரக்கையோடு ஏதோ ஒரு ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதிவிடுவோம். நான் ஒரு புட்டியைக்கூடத் தப்பாக எழுதியதில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

அரியலூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். துறையின் ஜீப் மாதம் ஒருமுறை வரும். மற்ற நாட்களில் டவுன் பஸ்தான். விக்கிரமங்கலம் போகும் பஸ்ஸில்தான் கண்டக்டர் சவரிமுத்துவைப் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் ஆட்களின் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

சவரிமுத்துவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஓடுகிற பஸ்ஸில் அவரிடம் ஒரு குறையும் தெரியாது. அந்தச் சாலையில் எல்லோருமே ஆடிக்கொண்டுதானே நிற்கிறோம்? பஸ் நின்றால்தான் தெரியும். எல்லோருடைய ஆட்டமும் நிற்கும், அவருடையது நிற்காது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது. நோயாளிக்கு முன்னால் சிலிர்ப்பது அநாகரிகம்தான். ஆனால் அப்படித்தான் இருந்தது.

கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஓர் ஆயா அவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஏ கண்டக்டரு, காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டியா?"

"ஆமா ஆயா. உங் கூடையிலேருந்துதான் எடுத்து ஊத்திக்கிட்டேன். சத்தம் போடாத, போலீசு வந்தா ஒன்னையும் சேத்துப் புடிச்சிக்கிட்டுப் போயிடும்."

மறுபடியும் மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. தெருவில் தள்ளாடி நடப்பவன் சட்டப்படி சந்தேகத்துக்குரியவன். சவரிமுத்து குடிப்பவர் இல்லை. கயிற்றில் நடக்கவைத்தேன், பதினெட்டு அடியில் பத்து முறை விலகினார். கடைசியில் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "குடிச்சிட்டு ஆடுனாலாச்சும் ஒரு சந்தோஷம் இருந்திருக்கும் சார். எனக்கு ஆட்டம் மட்டும்தான் குடுத்திருக்காரு ஆண்டவரு."

அவர் என் பட்டியலில் பதினோராவது நோயாளி.

இரண்டு மாதம் கழித்து அவர் என் அறை வாசலில் வந்து நின்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு. வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் டிக்கெட் கணக்குத் தாளை நீட்ட இறங்கியிருக்கிறார். கால் நழுவி, பிடிமானத்துக்கு அவருடைய சட்டையைப் பற்றிவிட்டார். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதனை செய்தார்கள். அந்தப் படிவத்தில் 'வாயில் வாடை' என்ற இடத்தில் 'இல்லை' என்றும், 'நடை', 'பேச்சு' என்ற இடங்களில் 'சரியில்லை' என்றும் இருந்தது. கீழே டாக்டரின் கருத்து: 'நீண்டகாலக் குடிப்பழக்கத்தால் சிறுமூளை பாதிக்கப்பட்டிருக்கலாம்.' டெல்லி மூன்று ஆண்டு கொடுத்து என்னிடம் கேட்டிருந்த கேள்விக்கு அவர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அதிகமாகக் குடிப்பவனுக்கும் சிறுமூளை தேயும், இதே நடைதான் வரும். எந்த டிப்போ என்றும் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்களும் விதிப்படிதான் நடந்தார்கள்.

சவரிமுத்துவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தார்கள். குடி என்று தீர்ந்தால் வேலை போய்விடும், குடிகாரன் என்ற பெயரோடு. குடியால் வராத நோய் என்று தீர்ந்தால் உட்கார்ந்து பார்க்கும் வேறு வேலை கொடுக்க விதியில் இடம் உண்டு. நோய் எதனால் வந்தது என்பதில்தான் அவருடைய சோறு இருந்தது. விசாரணைக்கு ஏழு வாரம்.

அடுத்த ரயிலில் சென்னைக்குப் போனேன். பேராசிரியர் எல்லாத் தாள்களையும் படித்தார்.

"நோய் இருக்குன்னு எழுதித் தர்றேன். குடியால வரலைன்னு எப்படி எழுதுவேன்?"

"அவர் குடிக்கமாட்டார் சார்."

"யார் பார்த்தது?" என்று வாயாலேயே கேட்டார். "காரணத்தைக் கண்டுபிடி. எழுதறேன்."

திரும்பி வந்து, என்னிடமிருந்த பதினோரு படிவங்களையும் அறைத் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்விகள், வெளிநாட்டுப் படிவம் ஒன்றைப் பார்த்துத் தயாரித்தவை. சுவரில் தாலுகா வரைபடம். நோயாளிகள் வசித்த ஊர்களில் ஊசி குத்தினால் பெரம்பலூர் தாலுகாவில் பூலாம்பாடிப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஜெயங்கொண்டம் வரை மற்றவை, ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்தன. ஏதோ தோன்றி, எல்லா ஊசிகளையும் பிடுங்கிவிட்டு 'பிறந்த ஊர்' என்ற கட்டத்தைப் பார்த்துக் குத்த ஆரம்பித்தேன். முதல் ஊசி ஓர் ஊரில் விழுந்தது. இரண்டாவதும் அதே ஊரில். ஐந்தாவது ஊசிக்கு அங்கே இடமில்லை. பதினோரு பேரில் ஏழு பேர் ஒரே ஊரில் பிறந்தவர்கள்! அந்த ஊரை வெள்ளோடை என்று வைத்துக்கொள்வோம்.

அறைக்குள்ளேயே குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன சார், தேளா?" என்று கேட்டார். பிறந்த உடன் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உடம்பில் ஏறுகிறது, முப்பத்தைந்து வருடம் பதுங்கியிருந்து வெளிப்படுகிறது. எவ்வளவு அழகான கருத்து! அன்றே வெள்ளோடைக்குப் போய், அங்கிருந்த கிணறுகள் அத்தனையிலும் தண்ணீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். மறுநாள் காலை சவரிமுத்துவின் வீட்டுக்கு ஓடினேன், அவர் வேலை பிழைத்துவிட்டது என்று சொல்ல.

அவருடைய மனைவி லூர்துமேரி வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தோலைப் புண்ணாக்கும் கொட்டைப்பால் படாமலிருக்க விரல்களில் சாம்பல். நான் வரைபடத்தை விரித்து விளக்கியதை ஒரு கொட்டைகூட நிறுத்தாமல் கேட்டார்.

"இவரு வெள்ளோடையில எத்தனை நாளு இருந்தாருன்னு கேட்டீங்களா சார்?"

"அங்கேதானே பிறந்தார்?"

"பொறந்தாரு. தலச்சன் புள்ள அம்மா வூட்ல பொறக்காம வேற எங்க பொறக்கும்? எம் மூத்தவனும் எங்கம்மா வூட்லதான் பொறந்தான். மூணாம் மாசம் சீரோட கொண்டாந்து வுட்டுட்டுப் போனாங்க. அதுவரைக்கும் அது குடிச்சது எம் பாலு. கெணத்துத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

சவரிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்க எங்க சார் பொறந்தீங்க?"

மாயவரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரைச் சொன்னேன்.

"அப்பா ஊரா?"

"...அம்மா ஊர்."

"தலச்சனா?"

தலையாட்டினேன். உதவித்தொகைக்கு நான் அனுப்பிய விண்ணப்பத்திலும் 'பிறந்த ஊர்' என்று அதைத்தான் எழுதியிருந்தேன், மூன்று மாதம்கூட இருந்திராத ஊரை. லூர்துமேரி ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா வூட்ல பொறந்தா காலு ஆடும்னா, நாட்டுல தலச்சனெல்லாம் ஆடணும். இவ்ளோ படிச்சிருக்கீங்க."

வெளிநாட்டுக்காரன் அந்தக் கட்டத்தைத் தப்பாகப் படித்திருந்தால் மன்னிக்கலாம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தைக் கையில் எடுத்ததும் எனக்கு மட்டும் மறந்துவிட்டது.

பஸ்ஸுக்காக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. அரைமணி நேரம் என்னையே திட்டிக்கொண்ட பிறகு திடீரென்று எழுந்து நின்றேன். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்கிறது என்றால், அந்தக் கட்டம் இத்தனை நாளும் எனக்குத் தண்ணீரைப் பற்றியா சொல்லிக்கொண்டிருந்தது? அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது! ஏழு பேருடைய அம்மாக்களும் வெள்ளோடைப் பெண்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் யார்?

படிவத்தைப் புரட்டினேன். தகப்பன் பெயர் இருந்தது; அந்தப் பக்கத்தில் ஒரே புனிதரின் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு என்பதால், அது திரும்பத் திரும்ப வந்ததை நான் பொருட்படுத்தியதில்லை. கிணற்றின் ஆழம் அடிக்கணக்கில் இருந்தது. தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் வந்த பஸ்ஸில் ஏறி வெள்ளோடைக்குப் போனேன். ஏழு பேரும் கத்தோலிக்கர்கள். அந்த ஊர்க் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், அதில் தாயின் பெயர் இல்லாமல் இருக்காது.

பங்குத்தந்தைக்கு அறுபது வயதிருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "காலு ஆடுதுன்னு மாதாகிட்ட வருவாங்க, மந்திரிக்க வருவாங்க, நீ கூட நேத்து கெணத்துக்கு வந்தே. பதிவேட்டுக்கு வந்தது நீதான் மொதல்ல" என்றார். அவர் முன்னால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், படியெடுக்கக் கூடாது, தேவையானதை மட்டும் குறித்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. நல்ல நிபந்தனை. பின்னாளில் என் மாணவர்களுக்கும் அதையே போட்டேன்.

லத்தீன் எழுத்துகள், பூச்சி அரித்த ஓரங்கள். இரண்டு பிற்பகல் உட்கார்ந்தேன். ஏழு பேருக்கும் தாய்மார் மூன்றே மூன்று பேர். எல்லோரும் தலைப்பிள்ளைகள் இல்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்கூடத் தாய்மார் பிறந்தகம் வந்திருக்கிறார்கள். மூன்று தாய்மாரின் பதிவுகளையும் தேடிப் பிடித்தேன். மூவருக்கும் ஒரே தகப்பன், ஒரே தாய். மூன்று சகோதரிகள்!

என்னையறியாமல் கத்திவிட்டேன். ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சத்தம் போடறதுன்னா போடு. பதிவேட்டு மேல எச்சி தெறிக்காம போடு."

அந்தத் தகப்பனைப் பற்றியும் அவரே சொன்னார். தள்ளாடித் தள்ளாடி நடந்து ஒருநாள் கிணற்றில் விழுந்து இறந்தவராம். ஊரில் குடிகாரன் என்றுதான் பெயர்.

மீதி நான்கு நோயாளிகளை மறுபடி சோதித்ததில் மூன்று பேருக்கு வேறு நோய்கள். நாலாமவர் உண்மையாகவே குடிகாரர். பதினோரு பேரில் கயிற்றில் ஒழுங்காக நடந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு தாளில் மரம்போலக் குடும்பத்தை வரைந்து எடுத்துக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நோய், குடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதை விசாரணையில் காட்டினால் போதும் என்றேன். சவரிமுத்துவின் முகம் மலர்ந்தது. லூர்துமேரி தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்தார். கடைசிக் கோடுகள் அவருடைய இரண்டு பிள்ளைகளிடம் போய் நின்றன.

"இதுங்களுக்கும் வருமா சார்?"

பொய் சொல்லத் தோன்றியது. "பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றேன்.

லூர்துமேரி தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "பாதின்னா பாதி இல்லன்னும்தானே அர்த்தம். அத நான் பாத்துக்கறேன். இந்தத் தாள எங்கயும் காட்டக்கூடாது. இவரு பெரியம்மா பேத்திக்குத் தை மாசம் கல்யாணம். இதப் பாத்தா எந்தப் பொண்ண எவன் கட்டுவான்?"

"காட்டலைன்னா இவர் வேலை..."

"வேற வழி பாருங்க. படிச்சவங்கதானே."

"அவ சொல்றது சரி சார்" என்றார் சவரிமுத்து. தன் வேலைக்காகக் குடும்பத்துப் பெண்களைப் பஸ் ஸ்டாண்டுப் பேச்சாக்க அவர் தயாராக இல்லை.

கையில் பதில் இருக்கிறது, வெளியே எடுக்க முடியாது. விசாரணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். குடித்தே இருக்க முடியாத ஒருவர், இந்த நோயோடு, இந்தக் குடும்பத்தில் வேண்டும். அதாவது ஒரு பெண். ஆனால் எந்தப் பெண்ணும் சோதனைக்கு வரமாட்டாள், ஒவ்வொருத்திக்கும் கட்டிக்கொடுக்க மகளோ பேத்தியோ இருந்தாள். சவரிமுத்துவின் அம்மா இறந்து பல வருடம். 'வாதம்' என்றார்கள். யார் பார்த்தது?

குறிப்பேட்டை மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. அந்தச் சகோதரிகளுக்குக் கடைசியாக ஒரு தங்கை உண்டு. பிள்ளைகள் இல்லாததால் அவரை நான் விட்டுவிட்டிருந்தேன். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் பின்னாளில் நடந்த திருமணத்தையும் குறித்துவைப்பது வழக்கம். இவருடைய ஓரத்தில் திருமணம் இல்லை. வார்த்தைப்பாடு கொடுத்து ஒரு மடத்தில் கன்னியாஸ்திரியானதாக எழுதியிருந்தது. குடித்திருப்பாள் என்று யாரும் சொல்ல முடியாத, கட்டிக்கொடுக்க மகளோ பேத்தியோ இல்லாத ஒரே பெண்.

"சின்னம்மாவா? சிஸ்டர் பிரிஜித்" என்றார் சவரிமுத்து. "பதினாறு வயசுல போனவங்க. பெரம்பலூருக்கு அந்தாண்ட ஒரு மடத்துல இருக்காங்க. நான் பாத்தே பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. அப்ப நல்லாத்தான் நடந்தாங்க."

பேராசிரியருக்குத் தந்தி அடித்தேன். பதில் வந்தது: 'வருகிறேன். எதற்காக என்று அவரிடம் சொல்லாதே.' என்ன தேடுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி அதைக் கொடுத்துவிடுவார் என்பது அவர் கொள்கை.

ஜீப்பில் போகும்போது பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் நாணயம் சுண்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சகோதரிக்கு நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ஒருவருக்கு நோய் இருக்கட்டும் என்று வேண்டுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே வேண்டினேன்.

மடத்தின் பார்வையாளர் அறைக்கு வெளியே நீண்ட வராந்தா. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மடத்துத் தலைவி சிஸ்டரை அழைக்கப் போனார். நான் வராந்தாச் சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு தேய்ந்து அழுக்கேறிய கோடு. அறைக்கதவு ஒன்றில் ஆரம்பித்துச் சிற்றாலயத்தின் வாசல்வரை போயிருந்தது. தினமும் ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நடந்த கோடு. பேராசிரியரின் முழங்கையைத் தொட்டேன். "பார்த்தேன், சும்மா இரு" என்றார் உதட்டை அசைக்காமல்.

முதலில் ஜெபமாலை மணிகள் சுவரில் உரசும் சத்தம் வந்தது. பிறகு சிஸ்டர் பிரிஜித் வந்தார். ஐம்பது வயது, ஒல்லி, கண்ணில் குறும்பு. அசைகள் ஒன்றோடொன்று இடறிக்கொள்ளும் பேச்சு. எட்டு வருடமாகக் கால் சரியில்லை, கரும்பலகையில் எழுத்து கோணியதால் பள்ளிக்கூட வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றார். நான் கயிற்றைத் தரையில் நீட்டினேன்.

"இந்த வயசுல கயித்து மேல நடக்கச் சொல்றீங்க. சர்க்கஸ் கம்பெனியா நீங்க?"

நடந்தார். பேராசிரியர் கூடவே நடந்து, விழுந்தால் பிடிக்கக் கைகளை விரித்தபடி எண்ணினார். பதினெட்டு அடியில் பன்னிரண்டு விலகல். கண்ணின் அசைவைப் பார்த்தார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான், "இப்ப சொல்லு" என்று என்னிடம் திரும்பினார்.

நான் சவரிமுத்துவின் கதையைச் சொன்னேன். சிஸ்டரின் குறும்பு மறைந்தது.

"அக்கா மகன் குடிகாரன்னா நானும் குடிகாரிதானே? எந்த ஊருக்கு வரணும், எத்தனாந் தேதி?"

"எழுத்துமூலம் போதும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"எழுத்த யாரு தம்பி பாப்பாங்க? நடையப் பாக்கட்டும்."

விசாரணை அறை ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஓரமாகக் கறுப்பு வரி ஓடியது. விசாரணை அதிகாரி, டிப்போ சார்பில் ஒருவர், சவரிமுத்து, நாங்கள். லூர்துமேரி வெளியே மரத்தடியில். பேராசிரியர் இரண்டு சோதனைக் குறிப்புகளையும் மேஜைமேல் பக்கம்பக்கமாக வைத்தார். மரம் வரைந்த தாள் என் பெட்டிக்குள் இருந்தது.

டிப்போ சார்பில் வந்தவர் சும்மா இருக்கவில்லை. சிஸ்டரிடமே கேட்டார்: "பூசையில திராட்சரசம் உண்டே?"

"அது சாமியாருக்கு. எங்களுக்கு அப்பம் மட்டும்தான். அதுல போதை இருந்தா எங்க ஊரே ஆடிக்கிட்டு இருக்கும்."

அதிகாரி சிரிப்பை அடக்கத் தாளைப் புரட்டினார். நான் கயிற்றை எடுத்தேன். சிஸ்டர் கையசைத்து வேண்டாம் என்றுவிட்டு, தரையின் கறுப்பு வரியில் காலை வைத்தார். சவரிமுத்துவைப் பார்த்து, "நீயும் வாடா" என்றார்.

இருவரும் அந்த வரியில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அதே அகலத்தில் கால், அதே பக்கம் சாய்வு, சாய்ந்ததும் அதேபோல் தூக்கி எறியும் இடது கை. பன்னிரண்டு வருடமாக ஒருவரையொருவர் பார்க்காதவர்கள். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"ஒரே நோய், ஒரே ரத்தம்" என்றார் பேராசிரியர். "மகனுக்கு சாராயத்தாலயும் சித்திக்கு ஜெபத்தாலயும் வந்திருக்கும்னு நீங்க எழுதறதா இருந்தா, எழுதுங்க. குடியால வரலைன்னு நான் எழுதறேன்." பச்சைப் பேனாவைத் திறந்தார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, நோய் காரணமாக டிப்போவின் பொருள் அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. சவரிமுத்து அதில் பல வருடம் இருந்தார். தை மாதக் கல்யாணமும் நடந்தது, எனக்குப் பத்திரிகை வந்தது.

டெல்லியில் தலைப்பை மாற்றக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். ஒப்புதல் பெற்ற தலைப்பை மாற்ற விதியில் இடமில்லை. ஆகவே தண்ணீர் காரணமல்ல என்று முடியும் என் ஆய்வேடு இன்றும் 'கிணற்று நீரும் சிறுமூளைத் தேய்வும்' என்ற பெயரோடு நூலக அலமாரியில் இருக்கிறது. அதில் ஊர்ப் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை, எண்கள் மட்டும். லூர்துமேரிக்குக் கொடுத்த வாக்கு அது.

விசாரணை நாளின் மாலையை மட்டும் கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்திருந்தேன். சிஸ்டரைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கை கொடுக்கப் போன என்னைச் சவரிமுத்து விலக்கினார். சித்தியும் மகனும் தோளோடு தோள் உரசி, ஒருவர் சாய்ந்தால் மற்றவர் தாங்கி, இரண்டு பிளாட்பாரத்தைக் கடந்து நடந்தார்கள். டீக்கடையிலிருந்து எவனோ, "கண்டக்டரு, சிஸ்டரையும் கெடுத்துட்டியா?" என்றான். சவரிமுத்து திரும்பி, "டேய், எங்க குடும்ப நடைடா இது! நல்லா பாத்துக்க!" என்று கத்தினார். புறப்பட்டிருந்த பஸ்ஸை வேறொரு கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தி வைத்தார்.

விஞ்ஞான ஆய்வேட்டில் இதற்கெல்லாம் இடமில்லை என்று தெரிந்தே எழுதி அனுப்பினேன். பேராசிரியர் அந்தப் பத்தியை அடித்துவிட்டார். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் பச்சை மையில், அதுவரை என் தாள்களில் ஒரு வார்த்தைகூடத் தமிழில் எழுதியிராதவர், எழுதியிருந்தார்: 'நானும் பார்த்தேன்.'